காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டவர்கள்



வருகிற ஏப்ரல் 25 ஆன்சாக் நாள். 1915-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்போலியில் கரையிறங்கிய நாள். ஆஸ்திரேலியாவில் வாழும் நம்மில் சிலர் விடிகாலை நினைவுக் கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள். போரில் உயிர்நீத்தவர்கள் என்றதும் துப்பாக்கி ஏந்திய ஆண்கள்தான் பலருக்கும் மனதில் வருவார்கள். நர்ஸாக வேலை செய்யும் எனக்கு வேறு சிலர் வருகிறார்கள்.

1942 பிப்ரவரி 12. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ மூன்றே நாட்கள் இருந்தன. 65 ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸுகள் 'வைனர் புரூக்' கப்பலில் வெளியேற்றப்பட்டார்கள். 14-ஆம் தேதி குண்டுவீச்சில் கப்பல் மூழ்கியது. 12 பேர் கடலோடு போனார்கள். 22 பேர் பங்கா தீவின் ராட்ஜி கடற்கரையில் கூடினார்கள்.

அங்கே கரையேறிய மற்ற பெண்களும் குழந்தைகளும் சரணடைய ஊரை நோக்கி நடந்தார்கள். நர்ஸுகள் போகவில்லை. காயம்பட்டவர்களை யார் பார்ப்பது? 16-ஆம் தேதி வந்த ஜப்பானிய வீரர்கள் முதலில் ஆண்களைக் கொன்றார்கள். பிறகு நர்ஸுகளைக் கடலுக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து சுட்டார்கள். 21 பேர் இறந்தார்கள். குண்டடி பட்ட விவியன் புல்விங்கல் ஒருவரே பிழைத்தார். காட்டில் ஒளிந்திருந்தபோதும் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரைக் கவனித்துக்கொண்டார். பிறகு மூன்றரை ஆண்டுச் சிறைவாசம். சாட்சி என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பதால் தன் காயத்தை மறைத்தே வைத்திருந்தார்.

போருக்குப் பின் டோக்கியோ தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார். சுடப்படுவதற்கு முன் அந்த நர்ஸுகள் பாலியல் வன்முறைக்கும் ஆளானார்கள், அதைப் பேசக்கூடாது என்று அவர் தடுக்கப்பட்டார் என 2019-இல் ஆய்வாளர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். புல்விங்கல் 2000-லேயே மறைந்துவிட்டார்.

எங்கள் தொழிலில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவார்கள்: சார்ட்டில் எழுதாத எதுவும் நடக்காததற்குச் சமம். அந்தப் பெண்களின் சார்ட்டில் ஒரு வரி எழுபது ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்தது. மானம் காப்பதாக நினைத்து மறைத்திருக்கலாம். ஆனால் வெட்கப்பட வேண்டியவர்கள் கொன்றவர்கள்தானே?

சிங்கப்பூர் அன்பர்கள் கிராஞ்சி நினைவிடத்துக்குப் போனால் அந்தச் சுவர்களைப் பாருங்கள். கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இந்திய வீரர்கள் இருக்கிறார்கள். இந்த நர்ஸுகளும் இருக்கிறார்கள். பெயரை வாசிக்கும்போது, அவர்கள் ஏன் அந்தக் கரையில் தங்கினார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான் அறிந்த அஞ்சலி அதுதான்.