அருவிக்கு மூணு மைல் முன்னாடி

  

குற்றாலம் போய் வருகிறவர்கள் நெஞ்சில் நிற்க வேண்டியது அருவியா, கோபுரமா என்று கேட்டிருக்கிறார் நம்ம நடுவர். எனக்கு முன்னால் பேசிய தம்பி, "அருவியிலே தலையைக் கொடுத்தாப் போதும், வேற என்ன வேணும்"னு ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தம்பி நல்லா குளிக்கட்டும். ஆனா குற்றாலத்துக்கு மூணு மைல் முன்னாடி தென்காசின்னு ஒரு ஊர் இருக்கே, அங்க வண்டியை நிறுத்தினீங்களா தம்பி? (சிரிப்பு)

மெக்சிகோ நாட்டிலே யுகட்டான் என்று ஒரு பகுதி. தரைக்கு மேலே ஆறு என்பதே அனேகமாகக் கிடையாது. சுண்ணாம்புப் பாறை இடிந்து உள்ளே விழுந்த இடத்தில், நிலத்தடி நீர் பெரிய கிணறு மாதிரித் தெரியும். செனோட்டே என்பார்கள். அதை நம்பித்தான் மாயன்கள் ஊர் கட்டினார்கள். சிச்சேன் இட்சா என்ற பேருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்றுதான் அர்த்தம். இன்றைக்கு அங்கே போகிறவன் காலையிலே பிரமிடைப் பார்க்கிறான், மத்தியானம் பக்கத்துச் செனோட்டே ஒன்றில் குதிக்கிறான். ரெண்டையும் பார்த்தால்தான் அவனுக்குப் பயணம். நமக்கு அதே ரெண்டும் மூணு மைலுக்குள்ளே இருக்கு. நாம பாதியை மட்டும் பார்த்துட்டு, ஈரத் துண்டோட வீட்டுக்கு வந்துடறோம்!

தம்பி சொன்ன அருவிக்கே வருகிறேன். பேரருவியில் நின்றால் தலை தப்புவது எப்படி? அவ்வளவு உயரத்திலிருந்து வரும் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் வழிகிறது. அருவிப் பாறையிலே லிங்கங்கள் செதுக்கியிருக்கிறதே, சோப்பு நுரைக்குள்ளே அதைப் பார்த்தவர் எத்தனை பேர்? பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். கொஞ்சம் தள்ளிச் சித்திர சபை. நடராஜருக்குச் சொன்ன ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், நெல்லையில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம். சுவர் முழுக்க ஓவியம்! திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பேர். ஒரு பாட்டுப் புத்தகத்தின் பேரில் வயல் இருந்த ஊர் அய்யா அது! (கைதட்டல்)

தண்ணீரை விளையாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் உயிரே போயிற்று. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயிலில் குளிக்கிறவனுக்குத் தெரியாது.

இப்போ தென்காசி. மதுரையைப் பறிகொடுத்துவிட்டுத் தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களின் ஊர் அது. நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதிய அதிவீரராம பாண்டியர் இந்த மரபுதான். அவருக்கு நூறு வருஷம் முந்தி, 1446ஆம் ஆண்டில் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினார் பராக்கிரம பாண்டியர். ஆண்ட நிலம் சுருங்கிப் போச்சு, ஆனா கோபுரத்துக்கு ஒன்பது நிலை போட்டார் பாருங்க! முடிக்கிறதுக்குள்ளே, 1463இல் அவர் காலமாகிவிட்டார். தம்பி குலசேகர பாண்டியர்தான் முடித்தார்.

அந்தக் கோபுரமும் நிலைக்கவில்லை. இடி என்பார்கள், தீ என்பார்கள். நடுவே பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. சின்னப் பிள்ளையில் எங்க அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று. "இது ஏன்ப்பா ரெண்டா நிக்குது?"ன்னு கேட்டேன். "யாராவது வந்து கட்டுவாங்கன்னு நிக்குதுலே"ன்னார். நான் நம்பவில்லை.

1990இல் கட்டியே விட்டார்கள். டாக்டர் சிவந்தி ஆதித்தன் முன்னின்றார். சுமார் 180 அடி எழும்பியது. உடனே எதிரணித் தம்பி கேட்கிறார்: "அப்போ அது புதுக் கட்டடம்தானே? அதிலே என்ன வரலாறு?" சரியான கேள்வி. மேல்நிலைகள் புதுசுதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதிலைப் பராக்கிரம பாண்டியரே கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மற்ற ராஜாக்கள் கல்வெட்டிலே என்ன எழுதுவார்கள்? இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் போடுவார்கள். இவர் சாபம் போடவில்லை. இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு குறை வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும் சரி, அவரை உலகம் அறிய நான் பணிகிறேன் என்று சொல்கிறார். யாராக இருந்தாலும்! ஜாதி கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. முடி சூடிய ராஜா, முகம் தெரியாதவனுக்கு முன்கூட்டியே கும்பிடு போடுகிறார். (பலத்த கைதட்டல்)

527 வருஷம் கழித்து, சாரத்தின் மேலே நின்று அந்த ஆடிக் காற்றிலே சாந்து குழைத்தானே கொத்தனார், செங்கல் சுமந்தாளே சித்தாள், அவங்க கணக்கும் அந்தக் கும்பிட்டில் சேர்த்திதான். தம்பி, அடுத்த சீசனுக்குப் போறப்போ வண்டியைத் தென்காசியிலே நிறுத்துங்க. அரை மணி நேரம்தான். அருவி எங்கேயும் ஓடிப் போயிடாது.