மூசைக்குள் எருக்கிலை: சேலத்து உருக்கும் கரியின் கணக்கும்

எஃகை உருக்கு என்றும் வழங்குகிறோம். உருகுதல் என்னும் வினைவழி வந்த இச்சொல், பொருளின் பெயரிலேயே அதன் செய்முறையையும் சொல்லிவிடுகிறது. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று எழுதிவைத்த பெயருக்குக் கன்னடத்து 'உக்கு' மூலம் என்பர் பலர். 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இவ்வெஃகைப் பற்றிய ஆய்வை முன்வைத்தார். இது எவ்வாறு ஆக்கப்படுகிறது என்ற கேள்வி அதன் பின்னரும் அங்குள்ள வேதியியலாரை விடவில்லை. அக்கேள்விக்குச் சேலம் சீமையிலிருந்து சென்ற ஒரு விடை, இரும்பைப் பற்றி மட்டுமன்றி ஒரு வாயுவைப் பற்றியும் பேசியது. அதனை இன்று மீண்டும் படிக்கத் தக்க காரணம் உண்டு.

விடையை எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்து, பின்னர் அதனை விட்டு, 1830வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர். 1839இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் இந்திய இரும்பும் உருக்கும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கொல்லர்கள் செய்ததை அவர் விவரிப்பது இவ்வாறு: தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, அரை ராத்தல் முதல் 2 ராத்தல்வரை ஒரு களிமண் மூசைக்குள் நெருக்கி அடுக்குவர். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவாரம் விறகின் உலர்ந்த சிறாய்களை உடன் சேர்ப்பர். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலைகளை இட்டு, மூசையின் வாயைப் பிசைந்த களிமண்ணால் அடைப்பர். மண் உலர்ந்ததும் 20 முதல் 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர்.

இதில் நுட்பம் யாது? தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். துருத்தி ஊதும் கரியுலைக்கு அது எட்டாத வெப்பம். ஆனால் இரும்பு கரியை உண்ணும் இயல்புடையது. உண்ண உண்ண அதன் உருகுநிலை தாழ்கிறது. ஆகவே மூசைக்குள் இட்ட விறகு இரும்பை எஃகாக்கியதோடு, அது உருகவும் வழிசெய்தது.

இங்குதான் ஹீத் ஒரு வியப்பான ஒப்பீட்டைச் செய்கிறார். மழைச்சட்டைக்குத் தம் பெயரைத் தந்த கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கின்டாஷ், 1825இல் வேறொரு காப்புரிமையும் பெற்றிருந்தார். மூடிய கலத்தில் காய்ந்த இரும்பின்மீது கரிநீர்வளி எனத்தக்க வாயுவைச் செலுத்தினால், வாயுவிலுள்ள கரியை இரும்பு ஏற்று எஃகாகும் என்பது அது. சேலத்து மூசையிலும் இதுவே நிகழ்கிறது என்றார் ஹீத். விறகும் பச்சிலையும் வெந்து வாயுவை விடுகின்றன. வாய் அடைபட்டிருப்பதால் அது இரும்பைச் சுற்றி நிற்கிறது. இரும்பு கரியைப் பிரித்தெடுத்துக் கொள்கிறது. இச்செய்முறை தற்செயலாகக் கைவந்திருக்க இடமில்லை என்றும் அவர் எழுதினார்.

அவர் ஊகம் முழுமையாகப் பொருந்துவதன்று. விறகின் வாயுக்களில் பெரும்பகுதி இரும்பு போதிய அளவு காய்வதற்கு முன்னரே வெளிப்பட்டுவிடும். எஞ்சிய கரியே பெரும்பங்கு வேலையைச் செய்திருக்கும். ஆயினும் வாயுவிலிருந்து சூடான உலோகம் கரியைப் பிரித்துக்கொள்ளும் என்ற அடிப்படை உண்மை. இன்றும் எந்திரப் பற்சக்கரங்களின் மேற்பரப்பை இயற்கை எரிவாயு சேர்த்த உலைகளில் இவ்வாறே கடினமாக்குகின்றனர்.

இருநூறாண்டு கழித்து இதே வேதியியலை அறிவியலார் வேறு நோக்கத்தோடு அணுகுகின்றனர். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன்: ஒரு கரியணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. வழக்கமான நீராவி முறையில் அதிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 முதல் 10 கிலோவரை கரியமில வாயு காற்றில் கலக்கிறது. காற்றில்லாத கலத்தில், உருகிய உலோகத்தின் அடியிலிருந்து மீத்தேனைக் குமிழிகளாக விட்டால், ஹைட்ரஜன் மேலெழும். கரியோ திடப்பொருளாகப் பிரியும். கார்லோ ருப்பியா முன்வைத்த இக்கருத்தை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ, போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் உருகிய வெள்ளீயத்தில் சோதித்து, 78 விழுக்காடு மீத்தேன் பிரிந்ததை 2015இல் அறிவித்தனர். 2017இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா ஆய்வாளர்கள் நிக்கலும் பிஸ்மத்தும் கலந்த உருகலில் 1065 பாகையில் 95 விழுக்காட்டை எட்டினர்.

சேலத்துக் கொல்லருக்குக் கரியை உண்ணும் உலோகம் வேண்டியிருந்தது. இவர்களுக்கோ அதனை உண்ணாமல் மேலே மிதக்கவிடும் உலோகம் வேண்டும். வெள்ளீயம் அத்தகையது. அங்குக் கரியே பேறு. இங்கு ஹைட்ரஜனே பேறு, கரி மிச்சம். 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 3 கிலோ கரி வீதம் குவியும். உலோகத் துகள் ஒட்டிய அக்கரியைத் தூய்மை செய்வதும், அதற்கொரு பயனைக் காண்பதும் தீராத சிக்கல்களாகவே நிற்கின்றன.

கரியின் கணக்கைப் பாராதவர் என்னாவர் என்பதற்கும் ஹீத்தின் ஆலையே சான்று. கஞ்சமலைத் தாது குறையவில்லை. அதனை உருக்கும் மரக்கரிதான் போதவில்லை. காடுகள் பின்வாங்கின, அவருக்குப் பின் வந்த கம்பெனியும் 1874இல் கலைந்தது. 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது, அது கஞ்சமலைத் தாதை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த துருவேறா எஃகையே தகடாக்கியது.

இப்போது எரிவாயுவின் முறை. கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் குழாய்த் திட்டம் நாமக்கல், சேலம் உள்ளிட்ட 7 மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே வகுக்கப்பட்டது. உழவர் எதிர்த்தனர், 2013இல் மாநில அரசு தடுத்தது, 2016இல் உச்சநீதிமன்றம் அனுமதித்தது. எரிவாயு தூய எரிபொருள் என்று சொல்லப்படும்போது, அதிலுள்ள கரி எங்கே போகிறது, அதற்கு யாருடைய நிலம் இடம் தருகிறது என்று கேட்கும் உரிமை இம்மண்ணுக்கு உண்டு. பத்தில் ஒரு பங்கு விறகு, ஓர் எருக்கிலை என்று கரியை நிறுத்து மூசையில் இட்டவர்களின் மண் இது. அளவறிந்து இடுவதே அவர்களது கல்வி. அதனை நாம் பழம்பெருமையாக மட்டும் பேசிக்கொண்டிருப்பது போதாது.