துவரையைப் பூக்கவிடாத நோய்

துவரையில் வரும் மலட்டுத் தேமல் நோய் 1931இல் பீகாரின் பூசாவில் பதிவானது. அதற்குக் காரணமான வைரஸ் 2000ஆம் ஆண்டில்தான் பிடிபட்டது. இளம்பருவத்தில் தொற்றினால் செடி சாகாது. வெளிறிய இலைகளோடு புதராகத் தழைக்கும், பூ மட்டும் வைக்காது. உழைத்தவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. ஆனாலும் கிருமியைக் காணாமலேயே இந்த நோயை எதிர்த்து நிற்க முடிந்தது என்பதே இவ்வரலாற்றில் முக்கியம் என்பேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்தான் நோயைப் பரப்புகிறது என்று 1962இல் தெரிந்தது. 1970களில் ஐதராபாத் அருகே பட்டான்செருவில், இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பேன் மொய்த்த நோயிலையை நாற்றின் இலைமேல் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். நோயிலை வாட வாட, பேன்கள் புது இலைக்கு நகர்ந்தன. நோயும் கூடவே போனது. இந்த எளிய வழியில் ஆயிரக்கணக்கான துவரை வகைகளைச் சலித்து, நோய் தாங்குபவற்றைப் பொறுக்கினார்கள்.

ஓரிடத்தில் தாங்கிய ரகம் வேறிடத்தில் விழுந்ததே என்று கேட்கலாம். நியாயம்தான். கிருமியின் திரிபுகள் இடத்துக்கு இடம் மாறும். வைரஸ் பிடிபடாதவரை அந்தத் திரிபுகளை நேரடியாகச் சோதிக்க வழியில்லை. அதற்காகக் காத்திருந்தால் பல பருவ விளைச்சல் போயிருக்கும். துவரை பயிரிடுவோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விதைவழி பரவாத நோய் இது. ஆகவே அறுவடைக்குப் பின் பழைய செடிகளையும் மறுதாம்பையும் வயலில் விட்டுவைக்காதீர்கள். பேனும் வைரஸும் அவற்றில்தான் அடுத்த பருவம்வரை தங்குகின்றன.