சத்ரப்களின் வெள்ளிக்காசு

இங்கே வடக்கே ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தால், மாநிலக் கட்சித் தலைவர்களை 'சாட்ராப்' என்று எழுதியிருப்பார்கள். பழைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. பேரரசருக்குக் கீழே ஒரு மாகாணத்தை ஆண்டவருக்கு அந்தப் பட்டம். குஜராத்தை ஆண்ட க்ஷத்ரபர்களின் பட்டமும் அதே வழிதான்.

காசு அடிப்பது ராஜா சமாச்சாரம் ஆயிற்றே? டேரியஸ் சுத்தத் தங்கத்தில் காசு வெளியிட்டதைப் பார்த்து, எகிப்து ஆளுநர் அர்யாண்டஸ் சுத்த வெள்ளியில் வெளியிட்டாராம். கலகக்காரன் என்று பழி சுமத்திக் கொன்றுவிட்டார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நிலைமை தலைகீழ். எகிப்தைத் திரும்பப் பிடிக்க கிரேக்கக் கூலிப்படை வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். கி.மு. 370களில் ஃபர்னபாசஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் டார்சஸில் தன் பெயர் போட்டே வெள்ளிக்காசு அடித்தார். ஒவ்வொன்றும் 10 கிராமுக்கு மேல். யாரும் அவர் தலையைக் கேட்கவில்லை! ராஜாவுக்கும் படைதானே முக்கியம்.

எனக்குப் பிடித்தவர் மசாயஸ். அவர் டார்சஸ் காசில் ஒரு பக்கம் ஆசனத்தில் அமர்ந்த பால் தெய்வம், மறுபக்கம் காளையைக் கவ்வும் சிங்கம், அராமிய எழுத்தில் அவர் பெயர். கி.மு. 331-ல் கௌகமேலாவில் அலெக்சாண்டரை எதிர்த்துச் சண்டை போட்டவர், தோற்றதும் பாபிலோனை அவரிடமே ஒப்படைத்தார். பரிசு? பாபிலோனுக்கே ஆளுநர் பதவி. அங்கேயும் தன் பெயரில் வெள்ளி அடித்தார், மனுஷர்.

அலெக்சாண்டரின் வெள்ளிக்காசில் உட்கார்ந்திருக்கும் ஜீயஸைக் கவனித்துப் பாருங்கள். அந்த டார்சஸ் தெய்வத்தின் சாயல் என்றே பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.