"எவ்வளவு நாள் சார்?": ரத்தப் புற்றுநோயும் ஒரு கதர் கவுனும்

திண்டிவனமோ விழுப்புரமோ, எங்க ட்யூட்டி பார்த்தாலும், பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோயா இருக்கலாம்னு சொன்னதும் அப்பாக்கள் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். "எவ்வளவு நாள் சார்?"

1947 வரைக்கும் இதுக்கு ஒரே பதில். சில வாரம், மிஞ்சினா சில மாசம்.

அந்தப் பதிலை மாத்தினவங்கள்ல ஒருத்தர் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர். எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தி சொன்னதைக் கேட்டு ஆபரேஷன் கவுனையே கதர்ல போட்டார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கல. தேர்வு நல்லா எழுதியும் எம்பிபிஎஸ் கிடைக்கல, எல்எம்எஸ்தான் கொடுத்தாங்க. (எம்பிபிஎஸ் போர்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த இடம் வந்தாலே கொஞ்சம் கூச்சமா இருக்கும்.)

அமெரிக்கா போனார். 1940ல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோட சேர்த்துக் கொடுக்கிறோமே, அதே சத்துதான்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்த வகை மருந்தை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாயிடுச்சு!

இங்கதான் திருப்பம். புது செல் உருவாக டிஎன்ஏ வேணும், டிஎன்ஏவுக்கு ஃபோலேட் வேணும். அப்போ ஃபோலேட் மாதிரியே வேஷம் போட்டு வழியை அடைக்கிற ஒண்ணைக் கொடுத்தா? சுப்பாராவ் குழுகிட்ட இருந்து அமினோப்டெரின் போச்சு. 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார்: 16 குழந்தைகள்ல 10 பேருக்கு முன்னேற்றம். நிலைக்கல, நோய் திரும்ப வந்தது. ஆனா அதுவரை அசையாத நோய் அசைஞ்சது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார், வயசு 53.

அடுத்தது நம்ம பக்கத்து ஊரு. விழுப்புரமும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டமா இருந்த காலம். 1952ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள்ள புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிஞ்சதுக்காக 2009ல் இன்னும் ரெண்டு பேரோட நோபல் பகிர்ந்துக்கிட்டார்.

அதுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா?

அந்தப் பட்டறையைப் பூட்டுற வேலை நடக்கிற இடம், செல்லின் உட்கருவுக்குள்ள இருக்கிற நியூக்ளியோலஸ். அங்க வேலை பார்க்கிற ஒரு புரதம் என்பிஎம்1. 2005ல் இத்தாலியின் ஃபலினி குழு கண்டுபிடிச்சது: பெரியவங்களுக்கு வர்ற அக்யூட் மைலாய்டு லுக்கிமியாவில் ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இதோட ஜீன் மாறியிருக்கு. புரதம் உட்கருவை விட்டு வெளியே கிடக்குது, மேஸ்திரி பட்டறையை விட்டுத் தெருவுல நிக்கிற மாதிரி.

ஆச்சரியம் என்னன்னா, எஃப்எல்டி3 என்ற இன்னொரு ஜீன்ல கோளாறு இல்லாம இது மட்டும் மாறியிருந்தா, கீமோவுக்கு நோய் கட்டுப்படுற வாய்ப்பு அதிகம். பல பேருக்கு உடனே எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படாது.

அதனாலதான் ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நான் நாள் சொல்றதில்ல. எந்த வகை, எந்த ஜீன்னு தெரியணும். குழந்தைகளுக்கு வர்றது பெரும்பாலும் லிம்போபிளாஸ்டிக் வகை. முழுசா சிகிச்சை எடுத்தா நிறையப் பிள்ளைங்க குணமாகிப் பள்ளிக்கூடம் போறாங்க. அந்த மருந்துப் பட்டியல்ல அமினோப்டெரினோட தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்னும் இருக்கு.

அப்பாக்கிட்ட நான் சொல்றது இவ்வளவுதான்: "நாள் எண்ண வேணாம்ணே. இன்னைக்கே ஜிப்மருக்கோ அடையாறுக்கோ வண்டி ஏறுங்க, லெட்டர் எழுதித் தர்றேன்."