கிளட்சைப் பிடித்து இரண்டு உதை

எங்கள் தாத்தா தன் புல்லட்டை ஸ்டார்ட் செய்யும்போது, சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு முறை சும்மா உதைப்பார். எஞ்சின் அசையாது, சத்தமும் வராது. அதற்கப்புறம்தான் சாவி, ஆம்பியர் மீட்டர், டீகம்ப்ரசர் எல்லாம். சின்ன வயதில் இதைப் பிள்ளையாருக்குக் குட்டிக்கொள்வது மாதிரி ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூட்டுவலி வந்து தாத்தா வண்டியை நிறுத்தி மூன்று வருடம் ஆகிவிட்டது. 'ஓடாத வண்டி வாசலை அடைக்குது' என்று அப்பா ஒரு பழைய இரும்புக்காரரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டு, அரை மணி நேரம் உதைத்ததில் எஞ்சின் ஓடிவிட்டது! வந்த சந்தோஷத்தில் கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டேன். வண்டி ஒரே தாவாகத் தாவிப் போய் கேட்டில் முட்டி நின்றது. திண்ணையிலிருந்து தாத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "கிளட்சப் புடிச்சு ஒதைச்சியாடா?"

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் வந்த மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் என்ற ஒன்றே கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு தோல் பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகும். சக்கரம் நின்றால் எஞ்சினும் நிற்கும். தெருமுனையில் மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ குறுக்கே வந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடி, பிடித்ததும் தாவி ஏற வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வண்டி மட்டும் நிற்க வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் கிளட்ச். 1910-ஐ ஒட்டி இங்கிலாந்தின் டிரயம்ஃப் கம்பெனி, பின்சக்கரத்தின் நடுவிலேயே பல தட்டுகள் கொண்ட கிளட்சை வைத்து விற்றது. பிறகு அது கியர் பாக்ஸின் பக்கத்துக்கு இடம் மாறியது.

தட்டுகளுக்கு நடுவில் என்ன வைப்பது என்பது அடுத்த தலைவலி. இரும்போடு இரும்பு உரசினால் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். பல கம்பெனிகள் கார்க்கைத் தேர்ந்தெடுத்தன. ஆமாம், பாட்டில் மூடுகிற அதே கார்க்தான்! தட்டில் வரிசையாக ஓட்டை போட்டு, அதில் கார்க் துண்டுகளை இறுக்கி, முழுவதையும் ஆயிலில் ஓட விடுவார்கள். அமெரிக்காவின் ஹட்சன் கார்கள்கூட 1950கள் வரை ஆயிலில் ஊறும் கார்க் கிளட்சில்தான் ஓடின. கார்க் மென்மையாகப் பிடிக்கும், ஆயில் சூட்டைத் தணிக்கும். ஆனால் வண்டி பல நாள் நின்றால் அதே ஆயில் கெட்டியாகி, ஸ்பிரிங் அழுத்தத்தில் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பிற்பாடு கார்க் போய் வேறு உராய்வுப் பட்டைகள் வந்தன. ஆயில் மட்டும் போகவில்லை, ஒட்டுவதும் போகவில்லை.

இப்போது புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த என்ஃபீல்டு கம்பெனி, பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் வைத்த 350 சிசி புல்லட்டை 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளுமே இங்கே வந்துவிட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது, 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனியே முடிந்துபோனது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1977-ல் அதே இங்கிலாந்துக்கு இங்கிருந்து ஏற்றுமதியும் ஆனது!

ஏன் மாற்றவில்லை? இங்கேதான் என் பாடப்புத்தகம் உதவிக்கு வந்தது. 1951-ம் ஆண்டு தொழில் சட்டப்படி எதைச் செய்யவும், எவ்வளவு செய்யவும் அப்போது லைசென்ஸ் வேண்டியிருந்தது. போட்டிக்கு இருந்ததோ ராஜ்தூத்தும், மைசூரில் தயாரான ஜாவாவும்தான். (ஜாவாவில் கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் தானாக விலகிவிடும். அது தனிக் கதை.) விலைக்கு வாங்கிய கருவிகளின் தேய்மானம் எப்போதோ கணக்கில் கழிந்துவிட்டது, செய்கிற வண்டிக்கும் வாங்க ஆள் இருக்கிறது. அப்புறம் எந்த முதலாளி மாற்றுவார்? 1984, 85-ல் சுசுகி, ஹோண்டா, யமஹா கூட்டு வண்டிகள் வந்த பிறகுதான் காற்று மாறியது. அப்போதும் புல்லட்டின் அடிப்படை அப்படியேதான் இருந்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்த புது எஞ்சின் 2008-ல்தான் வந்தது.

அந்தப் பழைய அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. கிக்கர் இருப்பது கியர் பாக்ஸில். நாம் உதைக்கும் உதை கியர் பாக்ஸ் வழியாக கிளட்சுக்குப் போய், கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினைச் சேரும். ஆகவே கிளட்சைப் பிடித்திருந்தால் கிக்கர் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். அப்படி இல்லாமல் எஞ்சினின் அழுத்தம் காலில் தட்டினால், தட்டுகள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். லேசாக ஒட்டியிருந்தால் அந்த உதையிலேயே பிரிந்துவிடும். அதாவது சோதனையும் அதுதான், வைத்தியமும் அதுதான். எந்தக் கருவியும் வேண்டாம். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் கிளட்சைப் பிடித்து உதைத்தாலும் எஞ்சின் சுற்றும், ஆகவே இந்தச் சோதனை அங்கே செல்லாது. பிள்ளையார் குட்டு என்று நான் நினைத்தது இதைத்தான்.

சரி, எங்கள் வண்டி? கிளட்சைப் பிடித்து உதைத்துப் பார்த்தேன். அழுத்தம் தட்டியது. பத்து உதைக்கும் பிரியவில்லை. மெக்கானிக் அண்ணன் வந்து முதலில் கிளட்ச் ஒயரைத்தான் பார்த்தார். லீவர் முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ப்ளே இருந்தால் போதும், அதிகம் தளர்ந்திருந்தால் தட்டு முழுக்க விலகாது என்றார். அது சரியாகவே இருந்தது. பிறகு வலப்பக்க கியர் பாக்ஸில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, புஷ் ராடை நகர்த்தும் ஸ்க்ரூவைப் பார்த்தார். அதுவும் சரி. டாப் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினோம். ம்ஹூம். லீவரை இழுத்து சைக்கிள் டியூப் துண்டால் ஹாண்டில்பாரோடு கட்டி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமை வந்துவிட்டது.

பிரிப்பதுதான் வழி. இடப்பக்க கால்மிதியையும் பிரேக் பெடலையும் கழற்றினால், அந்தப் பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். (இதுவும் ரெட்டிச்சில் போட்ட கணக்குதான்.) கீழே தட்டு வைக்க மறந்ததால் ஆயில் முழுக்க வாசலில். அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது :) அந்த ஆயில் கருத்து, பாகு மாதிரி இழைந்தது. எஞ்சினுக்கு, கியர் பாக்ஸுக்கு, கிளட்சுக்கு என்று இந்த வண்டியில் மூன்று ஆயிலும் தனித்தனி. கிளட்ச் பக்கம் எப்போதோ கியர் பாக்ஸுக்கான கெட்டி ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அது மூன்று வருடம் அப்படியே நின்றிருக்கிறது.

தட்டுகளை மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பெட்ரோலில் கழுவி, இரும்புத் தட்டுகளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்ததில் ஒன்று வளைந்திருந்தது. அதற்கு மட்டும் புதுசு. டிரம்மின் பள்ளங்களில் தட்டின் காது இடித்து இடித்துத் தடம் விழுந்திருந்தது, அங்கே தட்டு மாட்டிக்கொண்டால் விலகாது. அரத்தால் ராவிச் சமன் செய்தார். பூட்டிய பிறகுதான் பொறுமையான வேலை. நான் லீவரை இழுக்க வேண்டும், அவர் மேல்தட்டையே பார்ப்பார். ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் கிளம்பினால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங் ஸ்க்ரூவில் அரைச் சுற்று. மறுபடி லீவர். இப்படியே முக்கால் மணி நேரம். கடைசியில் தட்டு கோணாமல் ஒரே சமனாக எழுந்தது. மூடியைப் போட்டுச் சரியான ஆயிலை ஊற்றினோம்.

சாயங்காலம் தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். கிளட்ச் லீவரை அவரே பிடித்துக்கொண்டு, "ம், ஒதைடா" என்றார். கிக்கர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. "இன்னொண்ணு." அதுவும் இறங்கியது. "இப்ப சாவியப் போடு."

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். அப்பா அவரிடம் ஓட்டை விழுந்த இரண்டு வாளிகளையும் என் பழைய சைக்கிளையும் எடைக்குப் போட்டு அனுப்பினார்.