கனத்தைத் தேடிய டாங்கிகள்

டாமியா என்றதும் ரேடியோ கண்ட்ரோல் கார்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தைச் சேர்ந்த இந்த நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த முதல் ரேடியோ கண்ட்ரோல் கிட் ஒரு டாங்கி. அமெரிக்க ஷெர்மனை 16-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி அது. போர்ஷே 934 கார் 1976-ல்தான் வந்தது. வந்ததும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்று, மூத்ததை ஓரங்கட்டிவிட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டாங்கி சிலருடைய அலமாரியில் மட்டும் இருந்தது. 1990களின் கடைசியில்தான் டைகர், கிங் டைகர் என்று புதிய வரிசையாகத் திரும்பி வந்தது. சிறுவயதில் விளையாடியவர்கள் நடுவயதில் கையில் காசோடு திரும்பினார்கள் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. 1974-ல் டாங்கியை ஓட்ட முடிந்தது, ஆனால் டாங்கியின் கனத்தைக் காட்ட முடியவில்லை. அதைக் காட்டும் கருவி வந்தபோதுதான் பொழுதுபோக்கும் திரும்பியது என்பது என் முடிவு.

ஷிசுவோகா மரவேலைக்குப் பேர்போன ஊர். நிறுவனர் டாமியா யோஷியோ 1946-ல் அங்கே மரம் அறுக்கும் தொழிலில் இறங்கினார். 1951-ல் நடந்த தீவிபத்துக்குப் பிறகு மாதிரிப் பொருட்கள் பக்கம் சாய்ந்து, 1953-ல் மர வியாபாரத்தை அடியோடு விட்டார். அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் வந்து மர மாதிரிகளின் சந்தையைச் சரித்தபோது, 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி போகவில்லை. நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது அடுத்து வந்த பாந்தர் டாங்கி. இன்று உலகம் முழுக்க டாங்கி மாதிரிகளின் அளவுகோலாக இருக்கும் 35-ல் ஒரு பங்கு அந்த பாந்தரிலிருந்து பிறந்தது. யாரும் கூடிப்பேசி வகுத்த அளவு அல்ல அது. உள்ளே இரண்டு பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும். அதற்கேற்ப உடலின் அகலம் அமைந்தது. அளந்து பார்த்தபோது ஏறத்தாழ 35-ல் ஒரு பங்காக வந்தது. ஆக, ஓடவேண்டும் என்ற ஆசையே டாங்கி மாதிரியின் உருவத்தை முதலிலிருந்தே தீர்மானித்தது. அலமாரியில் நிற்கும் டாங்கி பின்னால் வந்தது.

ஆனால் ஓடுவது மட்டும் போதாது. ஜெர்மன் டைகர் 57 டன் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 16-ல் ஒரு பங்காகச் சுருங்கும்போது எடை 4,096-ல் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டால் சுமார் 14 கிலோ வரவேண்டும். பிளாஸ்டிக் உடல் கொண்ட கிட் அதற்குக் கிட்டேகூட வராது. எடையைச் சரிசெய்தாலும் தொல்லை தீராது, ஏனென்றால் புவியீர்ப்பு சுருங்குவதில்லை. 16-ல் ஒரு பங்கு அளவுள்ள வண்டி, நிஜ வண்டியைவிட நான்கு மடங்கு விரைவாக ஆடும், குலுங்கும், மேடேறி இறங்கும். நிஜ டைகர் பள்ளத்தில் மூக்கைச் சாய்த்து மெல்ல எழும் இடத்தில் மாதிரி சட்டென்று துள்ளிவிடும். கண் இதை ஏமாறாமல் கண்டுபிடித்துவிடுகிறது. சாலையில் 38 கிலோமீட்டர் வேகம் போகும் டைகரை அதே விகிதத்தில் சுருக்கினால் மணிக்கு 2.4 கிலோமீட்டர், அதாவது ஒரு குழந்தையின் நடை. அந்த வேகத்தில் தடுமாறாமல், நிதானமாகப் புறப்பட்டு நிதானமாக நிற்பதுதான் கடினம்.

1974-ன் ஷெர்மனில் இருந்தது ஒரே மோட்டார். திரும்புவதற்கு ஒரு பக்கத்துக் கிளட்ச்சை விடுவிக்கும் ஏற்பாடு. அந்தக் காலத்து வேகக் கட்டுப்பாடோ, சர்வோ ஒன்று சுவிட்சை நகர்த்தி மின்தடைகளை மாற்றிவிடுவது. படிப்படியாக வேகம் மாறும்; இழைந்து மாறாது. இதே கருவிகளைக் காருக்குள் வைத்தால் குறையெல்லாம் நிறையாகிவிடும். கார் இலேசாக இருக்க வேண்டும், வெடுக்கென்று பாய வேண்டும், பந்தயத்தில் முந்த வேண்டும். போர்ஷே வென்றதற்கு அதன் அழகும் உண்மைக் காரைப் பிரித்துப் பார்த்து அளவெடுத்த உழைப்பும் காரணம்தான். ஆனாலும் அன்றைய மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இயல்பாகப் பொருந்தியது கார் என்பதை மறுக்க முடியாது.

1990களின் கடைசியில் வந்த புதிய வரிசையில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்கள். இரண்டையும் ஆள்வது ஒரு மின்சுற்றுப் பெட்டி. குச்சியை முழுக்க முன்னால் தள்ளினாலும் வண்டி உடனே பாயாது. இஞ்சின் ஒலி உயரும், பட்டை மெல்ல இழுபடும், பிறகே வேகம் பிடிக்கும். பீரங்கியைச் சுட்டால் குழல் பின்வாங்கும், முனையில் ஒளி பளிச்சிடும், ஒலி அதிரும், மோட்டார்கள் இரண்டும் ஒரு கணம் பின்னோக்கி இழுத்து உடலை உலுக்கும். இல்லாத எடையைக் கண்ணுக்கும் காதுக்கும் இருப்பதாக்கும் வேலை இது. எனக்கு இந்தக் கலையின் உச்சம் அந்த உலுக்கல்தான்.

நினைவின் ஈர்ப்பே முதற்காரணம் என்பவர்களுக்குக் கார்களின் கதையே பதில் சொல்கிறது. 1980களின் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் கார்களை டாமியா 2000களில் மறுபடி வெளியிட்டது. அடிப்படை வடிவமைப்பு பெரிதும் மாறவில்லை, ரசிகர்களும் அதையே விரும்பினார்கள். ஷெர்மன் திரும்பி வந்தபோது ஒற்றை மோட்டார் போய்விட்டது. டாங்கிப் பிரியர்கள் கேட்டது பழையதை அல்ல, பழையது தரத் தவறியதை. இன்னொரு மறுப்பும் உண்டு: சீனாவின் ஹெங் லாங் போன்ற நிறுவனங்கள் விலையைக் குறைத்ததுதான் கூட்டத்தைச் சேர்த்தது என்பார்கள். கூட்டம் சேர்ந்தது அதனால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மலிவு டாங்கியை வாங்கியவர்கள் அடுத்து எதற்குச் செலவழித்தார்கள்? உலோகப் பட்டை, உலோகச் சக்கரம், உலோகக் கியர், இன்னும் இழைவாக ஓட்டும் மின்பலகை. பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிந்து அந்த 14 கிலோவை நோக்கித்தான் அவர்களும் போனார்கள்.

இவற்றைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. ஷிசுவோகா 1945 ஜூனில் குண்டுவீச்சில் எரிந்த நகரம். அந்த ஊரிலிருந்து கொலைக் கருவிகளை விளையாட்டாக்கி உலகத்துக்கு விற்பது சரியா? நாஜிப் படை ஓட்டிய டைகர் எல்லாருக்கும் பிடித்த டாங்கியாக இருப்பது உறுத்தவில்லையா? உறுத்த வேண்டும். இயந்திரத்தை மட்டும் ரசிக்கிறோம் என்ற பதில் எனக்குப் போதவில்லை, ஏனென்றால் துல்லியத்தைத் தன் பெருமையாகச் சொல்லும் பொழுதுபோக்கு இது. ரிவெட்டின் எண்ணிக்கை வரை சரிபார்ப்பவர், அந்த வண்டி எந்த ஊருக்குள் போனது என்பதையும் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். ஆனால் இந்தப் பொழுதுபோக்கு போரை இனிமையாக்குகிறது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. மாதிரி டாங்கிகளுக்கிடையே நடக்கும் அகச்சிவப்புக் கதிர்ச் சண்டையில் அடிபட்ட வண்டி சற்று நேரம் செயலிழந்து நிற்கும், பிறகு ஓடும்; அதைப் போர் என்று நம்பும் ஆள் யாருமில்லை. அங்கே போட்டியிடுவது ஓட்டும் திறமை: மூடிய கியர்ப்பெட்டியின் ஒலியைக் கேட்டு, சரிவில் பட்டை கழலாமல் திருப்புவது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் டேன்வில் நகரில், நிஜ டாங்கிகளைக் காட்சிக்கு வைத்த ஒரு அருங்காட்சியகத்திலேயே இந்தச் சிறு டாங்கிகளின் சண்டைகளும் நடந்திருக்கின்றன. நிஜ வண்டியின் தடித்த இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாதிரியை ஓட்ட வருகிறவருக்கு, அந்த இரும்புக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் நினைப்பு வராமல் போகாது.